கல்லீரலைக் கெடுக்கும் 'சி' கிருமி: தம்பதிகள் அறிய வேண்டியவை



மஞ்சள் காமாலை என்றால் உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கண் மஞ்சளாகும், சோறு இறங்காது. ஆனால், கண்ணும் மஞ்சளாகாமல், காய்ச்சலும் காட்டாமல், இருபது முப்பது வருஷம் கல்லீரலுக்குள்ளேயே குடியிருந்து அதைக் கெடுக்கிற கிருமி ஒன்று உண்டு. அதுதான் ஹெபடைடிஸ் 'சி'. 1989-ஆம் ஆண்டில்தான் விஞ்ஞானிகள் இதை அடையாளம் கண்டார்கள்.

இந்தக் கிருமி சிலருக்குத் தானாகவே விலகிவிடும். பெரும்பாலோருக்குத் தங்கிவிடும். தங்கினால் ஈரலில் தழும்பு மேல் தழும்பு விழும். அப்படித் தங்கியவர்களில் நூற்றுக்கு 15 முதல் 30 பேருக்கு, இருபது வருஷத்துக்குள் ஈரல் சுருங்கிப் போகிறது. சுருங்கிய ஈரலில்தான் பெரும்பாலும் புற்றுநோய் பிறக்கிறது.

நெல்லில் பொன்னி, கிச்சிலிச் சம்பா என்று இருப்பதுபோல இந்தக் கிருமியிலும் ரகங்கள் உண்டு. இதுவரை எட்டு ரகம் கண்டிருக்கிறார்கள். நம் நாட்டில் அதிகம் காணப்படுவது 3-ஆம் ரகம், அடுத்தபடியாக 1-ஆம் ரகம். இந்த 3-ஆம் ரகம் கொஞ்சம் பொல்லாதது. ஈரலில் கொழுப்பைச் சேர வைக்கிறது. தழும்பும் சீக்கிரம் விழுகிறது. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் கணக்கைப் பார்த்து 2014-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. 1-ஆம் ரகம் உள்ளவர்களைவிட 3-ஆம் ரகம் உள்ளவர்களுக்கு ஈரல் புற்றுநோய் வரும் அபாயம் ஏறக்குறைய 80 சதவீதம் கூடுதல் என்று அதில் தெரிந்தது.

"அப்படியானால் எனக்கு 1-ஆம் ரகம்தானே, பரவாயில்லை" என்று சும்மா இருந்துவிடாதீர்கள். அந்த ரகமும் ஈரலைச் சுருக்கும், புற்றுநோயில் கொண்டுபோய் விடும். "3-ஆம் ரகமாச்சே" என்று இடிந்து போகவும் வேண்டாம். நெல் எந்த ரகமானாலும் அறுப்பதற்கு அரிவாள் ஒன்றுதான். அதுபோல, இன்று எல்லா ரகத்துக்கும் கேட்கிற மாத்திரை வந்துவிட்டது. பெரும்பாலோருக்குப் பன்னிரண்டு வாரம் சாப்பிட்டால் போதும். நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் கிருமி அடியோடு ஒழிகிறது. ஈரல் சுருங்குவதற்கு முன்பே சாப்பிட்டால் பலன் முழுசாகக் கிடைக்கும். சுருங்கிய பிறகு கிருமி ஒழிந்தாலும் புற்றுநோய் பயம் முழுக்கப் போகாது. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ரகம் எதுவானாலும் குடிப்பழக்கம் எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுகிற மாதிரி. இந்தக் கிருமி உள்ளவர் சொட்டுச் சாராயமும் தொடக்கூடாது.

இது எப்படிப் பரவுகிறது? ரத்தத்தின் வழியாக. சுத்தம் செய்யாத ஊசி, பச்சை குத்தும் ஊசி, பலருக்குப் பயன்படுத்திய சவரக் கத்தி இவையெல்லாம் காரணம். 2000-க்கு முன்பு ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் கட்டாயம் சோதித்துக்கொள்ளுங்கள்; அப்போது ஏற்றுகிற ரத்தத்தில் இந்தக் கிருமியைத் தேடிப் பார்க்கும் கட்டாயம் நம் நாட்டில் இல்லை.

ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, பிள்ளையைக் கொஞ்சுவதாலோ இது ஒட்டாது. கணவன் மனைவி உறவில் பரவுவதும் அபூர்வம். அதனால், வீட்டில் ஒருவருக்குக் கிருமி என்று தெரிந்ததும் "நீ எங்கே போய் வாங்கி வந்தே?" என்று வழக்குப் பேசாதீர்கள். சின்ன வயசில் போட்ட ஊசியிலேயே வந்திருக்கலாம். பிளேடு, பல் துலக்கும் பிரஷ் இரண்டையும் மட்டும் ஆளுக்குத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

தாய்க்கு இருந்தால் நூறு குழந்தைகளில் ஐந்தாறு குழந்தைகளுக்கு வரலாம். கர்ப்ப காலத்தில் இந்த மாத்திரையைப் பொதுவாகக் கொடுப்பதில்லை. எனவே, பிள்ளை வேண்டும் என்று நினைக்கிற தம்பதிகள் முன்கூட்டியே சோதித்து, மருந்தை முடித்துக்கொள்வது நல்லது. தாய்ப்பால் கொடுக்கலாம், காம்பில் வெடிப்போ ரத்தமோ இருந்தால் மட்டும், ஆறும்வரை நிறுத்தி வையுங்கள்.

'பி' காமாலைக்குத் தடுப்பூசி உண்டு; 'சி'-க்கு இல்லை. பரிசோதனைதான் காவல். முதல் சோதனையில் இருக்கிறது என்று வந்தாலே நோய் என்று அர்த்தமில்லை. கிருமி இப்போதும் இருக்கிறதா என்று இரண்டாவது ரத்தச் சோதனை சொல்லும். 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் சிகிச்சை மையங்களில் சோதனையும் மாத்திரையும் இலவசம். எந்த மையம் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

ஒருவர் மட்டும் வந்து மற்றவரிடம் மறைக்க வேண்டாம். இருவரும் சேர்ந்தே வாருங்கள்.