குறைந்திருக்கிறது கொலை, குறையவில்லை பயம்
(கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

காலையில் பேப்பரைப் பிரித்தால் கொலை. சாயங்காலம் டி.வி.யைப் போட்டால் அதே கொலை, நாலு சேனலில் நாலு விதமாக. "காலம் கெட்டுப் போச்சு ஸார், அந்த நாளில் இப்படியெல்லாம் உண்டா?" என்று பேசாத வீடு நம்மில் அபூர்வம். நான் உத்தியோகத்தில் இருந்த நாளெல்லாம் கணக்குத் தணிக்கை செய்தவன். யார் எதைச் சொன்னாலும் 'கணக்கு எங்கே?' என்று கேட்டே பழக்கம். அந்தப் பழக்கத்தில் சில புள்ளிவிவரங்களை உங்கள் முன் வைக்கிறேன்.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 1992-ல் நாடு முழுவதும் பதிவான கொலை வழக்குகள் 40,105. 2022-ல் 28,522. ஜனத்தொகை பெருகியதையும் சேர்த்துப் பார்த்தால், லட்சம் பேருக்கு 4.6 என்று இருந்தது 2.1 ஆக இறங்கியிருக்கிறது. பழைய விகிதமே நீடித்திருந்தால் 2022-ல் அறுபதாயிரத்துக்கும் மேல் கொலைகள் நடந்திருக்கும். அந்த ஒரு வருஷத்தில் மட்டும் முப்பதாயிரம் குடும்பங்கள் துக்கத்திலிருந்து தப்பியிருக்கின்றன. இது சாதாரண விஷயமா?

கொலையை மட்டும் ஏன் எடுத்துக்கொண்டேன் என்று கேட்கலாம். மற்ற குற்றங்களில் பதிவானது வேறு, நடந்தது வேறு. பாலியல் பலாத்கார வழக்குகள் 2012-ல் 24,923, 2013-ல் 33,707. ஒரே வருஷத்தில் ஆண்கள் அவ்வளவு கெட்டுப்போனார்களா? 2012 டிசம்பரில் டில்லியில் நடந்த கொடுமைக்குப் பிறகு சட்டம் கடுமையாயிற்று. இப்படிப்பட்ட புகாரைப் பதிய மறுக்கும் போலீஸ்காரருக்கே தண்டனை என்று ஆயிற்று. பெண்களுக்கும் புகார் கொடுக்கத் தைரியம் வந்தது. ஆகவே எண்ணிக்கை ஏறினால் குற்றம் ஏறியது என்று உடனே முடிவு கட்ட முடியாது. ஆனால் கொலையை அவ்வளவு சுலபமாக மறைக்க முடிவதில்லை. அதனால்தான் அந்தக் கணக்கை நம்புகிறேன்.

சரி, ஏன் குறைந்தது? இந்த ஆராய்ச்சியில் அதிகம் மூழ்கியவர்கள் அமெரிக்கர்கள். அங்கே 1991-ல் லட்சத்துக்கு 9.8 ஆக இருந்த கொலை விகிதம் 2000-ல் 5.5 ஆக இறங்கியது. அதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஒவ்வொன்றையும் நம் ஊர்க் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்போம்.

முதலாவது, சிறை. நிறையப் பேரை உள்ளே தள்ளியதால் குற்றம் குறைந்தது என்றார்கள். அங்கே ஒரு கட்டத்தில் லட்சத்துக்கு 700 பேருக்கு மேல் சிறையில் இருந்தார்கள். நம் நாட்டில் லட்சத்துக்குச் சுமார் 40 பேர்தான். இங்கும் கொலை பாதிக்கு மேல் குறைந்திருக்கிறதே!

இரண்டாவது, வேலைவாய்ப்பு. 1990-களில் அமெரிக்காவில் வேலை பெருகியது உண்மை. ஆனால் 2008-ல் பொருளாதாரம் சரிந்து லட்சக்கணக்கானோர் வேலையிழந்தபோதும் அங்கே கொலை ஏறவில்லை, இன்னும் இறங்கியது.

மூன்றாவது, பெட்ரோலில் கலந்த ஈயம். குழந்தைகளின் மூளையை அது பாதித்து, அவர்கள் வளர்ந்தபின் முரட்டுத்தனம் செய்ய வைத்தது என்கிறார்கள். ஈயம் மூளைக்குக் கெடுதல் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் நம் நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் முழுவதும் ஒழிந்தது 2000-ல். அதற்குப் பின் பிறந்த குழந்தைக்கு இருபது வயது நிரம்புவதற்குள்ளாகவே நம் கொலை விகிதம் பாதியாகிவிட்டது.

ஆக, 'இது ஒன்றுதான் காரணம்' என்று அடித்துச் சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். அப்படியானால் நம் நாட்டுக்குப் பொருந்துவது எது? பஞ்சாபில் தீவிரவாதம் 1990-களின் முற்பகுதியில் அடங்கியது ஒரு பங்கு. 2005-ல் ஆந்திராவில் தொடங்கிப் பல மாநிலங்களுக்குப் பரவிய 108 ஆம்புலன்ஸ் இன்னொரு பங்காக இருக்கலாம். குத்துப்பட்டவன் ஒரு மணி நேரத்தில் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தால் கொலை வழக்கு, கொலை முயற்சி வழக்காக மாறுகிறது. இன்று கொலை முயற்சி வழக்குகள் கொலை வழக்குகளைவிட அதிகம் என்பதையும் சொல்லாமல் விட்டால் நான் நல்ல தணிக்கையாளன் ஆகமாட்டேன். கை ஓங்குவது அதே அளவுக்குக் குறைந்துவிடவில்லை. இவற்றோடு படிப்பு பரவியது, கிராமத்தில் நிலத்தையே நம்பியிருந்த பிள்ளைகள் சம்பளத்துக்கு வெளியூர் போனது ஆகியவையும் சேர்ந்திருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். வரப்புச் சண்டைக்கு நேரமும் ஆளும் குறைந்துபோயின.

இது நிரந்தரம் என்றும் இருந்துவிடக் கூடாது. அமெரிக்காவில் 2020-ல் ஒரே வருஷத்தில் கொலைகள் முப்பது சதவீதம் அளவுக்கு எகிறின. பிறகுதான் மறுபடி இறங்கின.

கடைசியாக ஒரு கணக்கு. 2022-ல் நடந்த 28,522 கொலைகளில் தகராறு காரணமாக நடந்தவை 9,962. முன்விரோதம் 3,761. பணம், நகை போன்ற ஆதாயத்துக்காக நடந்தவை 1,884. தகராறு என்றால் என்ன? சொத்துத் தகராறு, குடும்பத் தகராறு, கொடுக்கல் வாங்கல், அற்ப விஷயத்துக்கு வந்த வாய்ச்சண்டை. முன்பின் தெரியாத திருடனுக்குப் பயந்து மூன்று பூட்டுப் போடுகிறோம். ஆனால் கணக்கில் பெரிய தொகை, தெரிந்தவர்களுக்குள் வந்த சண்டையில்தான் இருக்கிறது.

பூட்டுப் போட வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வெளியூரில் நல்ல வேலை கிடைத்த பெண்ணை 'காலம் கெட்டுக் கிடக்கிறது' என்று சொல்லித் தடுக்கும் முன், அந்த ஊர் நிலவரத்தை விசாரியுங்கள், தங்குமிடத்தை நேரில் போய்ப் பாருங்கள். டி.வி. செய்தியை வைத்து அவள் எதிர்காலத்தைத் தீர்மானிக்காதீர்கள். வயதானவர்கள் பயந்து சாயங்கால நடையை நிறுத்தினால் கெடுவது அவர்கள் உடம்புதான்.

இன்னொரு காரியம் நம் கையிலேயே இருக்கிறது. எழுபது வயதைத் தாண்டியும் உயில் எழுதாமல், 'நம் பிள்ளைகள் சண்டை போடமாட்டார்கள்' என்று இருப்பவர்கள் எத்தனை பேர்? உயிலை எழுதிப் பதிவு செய்யுங்கள். அண்ணன் தம்பி பாகப் பிரிவினை நிலுவையில் இருந்தால் பெரியவர்கள் இருக்கும்போதே உட்கார்ந்து பேசி முடியுங்கள். நம் கிளைகள் ஒவ்வொன்றிலும் ஓய்வு பெற்ற வக்கீல்களும் அதிகாரிகளும் இருக்கிறார்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் உட்கார்ந்து ஆலோசனை சொன்னால் போதும், பல குடும்பங்களில் பேச்சு நின்றுபோகாமல் காப்பாற்றலாம். செயற்குழு இதைப் பரிசீலிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு என் உரையை முடிக்கிறேன்.