பூந்தமல்லிக்கு மேற்கே பிறக்கும் டம்பர்கள்

பாரிவாக்கத்துக்காரர்கள் பூந்தமல்லியில் திருவள்ளூர் பஸ் ஏறி மணவாள நகரை நெருங்கினால், மேல்நல்லாத்தூர் பக்கம் பெரிய ஆலை ஒன்று வரும். அம்பாசடர் கார் செய்த இந்துஸ்தான் மோட்டார்ஸ், மண் அள்ளும் இயந்திரங்களுக்காக அதை 1971-ல் தொடங்கியது. 1980-களில் அமெரிக்காவின் கேட்டர்பில்லரோடு தொழில்நுட்பக் கூட்டு வைத்தார்கள். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தப் பிரிவையே கேட்டர்பில்லர் வாங்கிக்கொண்டது. கலிபோர்னியாவில் ஹோல்ட், பெஸ்ட் என்று போட்டி போட்ட இரண்டு டிராக்டர் கம்பெனிகள் 1925-ல் சேர்ந்து உருவான நிறுவனம் அது. அது தனிக்கதை.

இன்று நான் அந்த ஆலையில் பிறக்கும் சுரங்க டம்பரைப் பற்றித்தான் பேச வேண்டும். 777 என்ற ரகம் ஒரு நடையில் சுமார் 90 டன் சுமக்கும். நம் பத்துச் சக்கர டிப்பர் ஐந்தாறு நடை அடிக்கும் பாரம் அது. டயர் மட்டுமே ஆளைவிட உயரம். இந்த வண்டி முழுசாகத் திருவள்ளூர் ரோட்டில் ஓடி நீங்கள் பார்த்திருக்க முடியாது, அத்தனை அகலம். பிரித்து டிரெய்லரில் ஏற்றுவார்கள். கொட்டும் தொட்டியையும் துண்டு துண்டாக அனுப்பி, சுரங்கத்திலேயே வெல்டிங் செய்து சேர்ப்பார்கள்.

வெல்டிங் என்றதும் நிறுத்த முடியவில்லை, மன்னியுங்கள். என் தொழில் அதுதான். சுரங்கப் பாதையில் மேடு பள்ளத்தில் போகும்போது டம்பரின் சேஸிஸ் ஒவ்வொரு நடையிலும் முறுக்கிக்கொள்ளும். வெல்டில் மயிரிழைக் குறை இருந்தாலும் விரிசல் அங்கேதான் ஆரம்பிக்கும். தடித்த தகட்டைச் சூடாக்காமல் பற்றவைத்தால், பற்றவைத்த இடத்துச் சூட்டைச் சுற்றியிருக்கும் இரும்பு சட்டென்று இழுத்துக்கொள்ளும். அந்த இடம் இறுகிப்போகும். ஈரத்திலிருந்து நுழைந்த ஹைட்ரஜன் உள்ளே மாட்டிக்கொள்ளும். பார்க்க அழகாக இருக்கும் வெல்ட், மறுநாள் விரிசல் விட்டுக் கிடக்கும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் தொழில் பழகிய பட்டறையில் ஒரு போர்மேன் இருந்தார். கேஸ் டார்ச்சால் தகட்டைக் காய்ச்சச் சொல்வார். பிறகு வெப்பம் பார்க்கும் சாக்கட்டியால் ஒரு கோடு இழுப்பார். கோடு உருகி ஈரமாக மின்னினால்தான் ராடைத் தொட விடுவார். உருகவில்லையா, மறுபடி காய்ச்ச வேண்டியதுதான். அவசரம் என்று யார் வந்து நின்றாலும் அசைய மாட்டார். டம்பரை எங்கே பார்த்தாலும் எனக்கு அந்தக் கோடுதான் கண்ணில் நிற்கும்.

ஐ.டி.ஐ.யில் வெல்டர் டிரேடு படிக்கும் தம்பி, தங்கைகளே, ஒரு வெல்டைக் குறுக்கே அறுத்து, தேய்த்து, ஆசிட் தடவிக் காட்டச் சொல்லி உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள். அடுக்கடுக்காக வரி தெரியும். அதைப் பார்த்துவிட்டு உங்களில் சிலராவது இந்த வேலைக்கு வருவீர்கள் என்று நம்புகிறேன்.