5 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்

மழைக் காலத்தில் கரண்ட் போனால் வைஃபை பெட்டியும் அணைந்துவிடுகிறது. பிள்ளைகளின் பாடமும் பாதியில் நின்றுபோகிறது. கைப்பேசிக்கு வைத்திருக்கும் பவர் பேங்கைக் கொண்டு அந்தப் பெட்டியை ஓட்டலாமா? ஓட்டலாம். ஆனால் நேரடியாக அன்று. பவர் பேங்க் சாதாரணமாகத் தருவது 5 வோல்ட். பெட்டி கேட்பதோ பெரும்பாலும் 12 வோல்ட். இடையில், வோல்ட்டை உயர்த்தித் தரும் வயர் ஒன்று வேண்டும்.

அந்த வயர் மின்சாரத்தை உண்டாக்குவதில்லை. வோல்ட் ஏறினால் ஆம்பியர் இறங்கும். பெட்டியின் அடாப்டரில் 12 வோல்ட், 1 ஆம்பியர் என்றிருந்தால் இரண்டையும் பெருக்குவோம்: 12 வாட். பவர் பேங்க் 5 வோல்ட், 2 ஆம்பியர் என்றால் 10 வாட்தான். அதிலும் வயர் கொஞ்சம் சூடாக வீணாக்கும். பெட்டி முழு வேலையில் இருக்கும்போது அணைந்து அணைந்து எரியும். நாம் பெட்டியைத்தான் திட்டுவோம்! அரை ஆம்பியர் பெட்டிக்கு 6 வாட் போதும். அது தாராளமாக ஓடும்.

வாங்குமுன் அடாப்டரைத் திருப்பிப் பார்ப்போம். 9 வோல்ட் பெட்டிக்கு 12 வோல்ட் கொடுத்தால் அது கருகிவிடலாம். முனையின் நடுப்பகுதி பிளஸ்ஸா மைனஸா என்று காட்டும் சிறு படமும் அங்கே இருக்கும்; வயரிலும் அதுவே இருக்க வேண்டும்.