மந்திரப் புல்லாங்குழல்: பாடப்பட்டதும் பேசப்பட்டதும்



ஒரு மூலத்துக்குப் பல உரைகள் தோன்றுவது நாம் நன்கு அறிந்த செய்தி. மணக்குடவர் காட்டும் குறளும் பரிமேலழகர் காட்டும் குறளும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருப்பதில்லை. உரையாசிரியர் எதை விளக்கினார், எதை விளக்காது கடந்தார் என்று பார்ப்பதும் உரை பயில்வோரின் கடமையாகும். இசைநாடகத்தின் ஒலிப்பதிவும் இவ்வகையில் ஓர் உரையே என்பது என் கருத்து. அக்கருத்தை மொசார்ட் இசையமைத்த ‘மந்திரப் புல்லாங்குழல்’ என்னும் ஜெர்மானிய இசைநாடகத்தின் பழைய பதிவுகளையும் புதிய பதிவுகளையும் ஒப்பிட்டு விளக்க விழைகின்றேன்.

இந்நாடகம் 1791ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் வியன்னாவின் புறநகர் அரங்கொன்றில் முதன்முதலாக மேடையேறியது. நாடகத்தை எழுதிய இமானுவேல் ஷிகானேடரே அவ்வரங்கின் தலைவர். பறவை பிடிக்கும் பாபகேனோவாக நடித்தவரும் அவரே. அடுத்த பத்து வாரங்களுக்குள், டிசம்பர் 5ஆம் நாள், மொசார்ட் மறைந்தார். இது ‘சிங்ஷ்பீல்’ என்னும் வகையைச் சேர்ந்தது. பாடல்களுக்கு இடையே நடிகர்கள் உரைநடையில் பேசுவது இவ்வகையின் இலக்கணம். நம் மரபில் சொல்வதானால் இயல், இசை, நாடகம் ஆகிய மூன்றும் கலந்த படைப்பு. இவற்றுள் இயல் ஒலிப்பதிவுகளில் என்ன ஆயிற்று என்பதே என் கேள்வி.

கதையைச் சுருங்கச் சொல்கின்றேன். இரவின் அரசி தன் மகள் பமீனாவைச் சராஸ்ட்ரோ கவர்ந்து சென்றதாகக் கூறி, அவளை மீட்டுவர இளவரசன் டமீனோவை அனுப்புகின்றாள். துணைக்குப் பாபகேனோ செல்கின்றான். சென்ற இடத்தில், சராஸ்ட்ரோ கொடியவன் அல்லன், அறிவின் கோயிலுக்குத் தலைவன் என்று டமீனோ அறிகின்றான். சோதனைகளுக்கு உட்பட்டு, இறுதியில் பமீனாவுடன் நெருப்பையும் நீரையும் கடந்து மேன்மை அடைகின்றான்.

ஸ்டுடியோவில் இதை முழுமையாகப் பதிவு செய்யும் முதற்பெரு முயற்சி, 1937 நவம்பரிலிருந்து 1938 மார்ச் வரை, பெர்லின் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவைக் கொண்டு ஆங்கிலேய இசைநடத்துநர் சர் தாமஸ் பீச்சம் செய்ததாகும். டியானா லெம்னிட்ஸ் பமீனாவாகவும், ஹெல்கே ரோஸ்வேங்கே டமீனோவாகவும், கெர்ஹார்ட் ஹூஷ் பாபகேனோவாகவும், எர்னா பெர்கர் அரசியாகவும் பாடினர். 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ நான்கு நிமிடங்களே ஓடும். அத்தகைய தட்டுகளில் பேச்சுக்கு இடம் இல்லை. ஆகவே உரையாடல் முழுவதும் நீக்கப்பட்டது. கருவி விதித்த கட்டாயம் அது. அதில் குறை காண்பது முறையன்று. லெம்னிட்ஸின் மெல்லிய, அசையாத குரல் இன்றும் நெஞ்சை உருக்குகின்றது.

ஆயினும் அப்பதிவு உருவான காலத்தையும் இடத்தையும் மறப்பதற்கில்லை. டமீனோ வேடத்துக்குப் பெயர்பெற்ற ரிச்சர்ட் டௌபர், யூத வழித்தோன்றல் என்பதால் 1933இல் நாஜிக் கும்பலால் தாக்கப்பட்டு ஜெர்மனியை விட்டு வெளியேறியிருந்தார். 1938இல், பெர்லின் பதிவு முடிந்த அதே ஆண்டில், லண்டன் கோவென்ட் கார்டன் அரங்கில் பீச்சத்தின் நடத்துகையிலேயே அவர் டமீனோவாகப் பாடினார். லண்டனில் திறந்திருந்த கதவு பெர்லினில் அவருக்கு அடைக்கப்பட்டிருந்தது. மனித நேயத்தைப் போற்றும் ஒரு நாடகம், மனிதரைப் பிறப்பால் தரம் பிரித்த நகரில் தட்டில் ஏறியது என்பது வரலாற்றின் கசப்பான முரண்.

அவ்வாறு 1933இல் பெர்லினை விட்டு வெளியேற நேர்ந்த மற்றொருவர் இசைநடத்துநர் ஓட்டோ கிளெம்பரர். அவர் 1964இல், தம் 78ஆம் வயதில், லண்டனில் ஃபில்ஹார்மோனியா இசைக்குழுவைக் கொண்டு இந்நாடகத்தைப் பதிவு செய்தார். குண்டுலா யானோவிட்ஸ், நிகோலாய் கெடா, வால்ட்டர் பெர்ரி, காட்லாப் ஃப்ரிக் ஆகியோருடன், 24 வயதே நிரம்பிய லூசியா பாப் இரவின் அரசியாகப் பாடினார். கற்கோயில் போன்ற உறுதியும் அமைதியும் வாய்ந்த பதிவு இது. நெடுநேர இசைத்தட்டு வந்துவிட்ட காலம் அது. இடப்பற்றாக்குறை என்று சொல்ல வழியில்லை. எனினும் இதிலும் ஒரு சொல்கூடப் பேசப்படவில்லை. அதே ஆண்டில் பெர்லினில் கார்ல் போம் செய்த பதிவு பேச்சைச் சுருக்கியேனும் தந்தது. அதில் டமீனோவாகப் பாடிய ஃபிரிட்ஸ் வுண்டர்லிஹ் 1966இல், 36 வயது நிறையும் முன்னரே மறைந்தார். அவருக்கு இணையான டமீனோ இன்னும் தோன்றவில்லை என்று சொல்லும் இரசிகர் பலர்.

பேச்சை நீக்கியதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம், ஜெர்மன் மொழி அறியாதவர் அதைத் திரும்பத் திரும்பக் கேட்கமாட்டார் என்பது. அன்பர்களே, அந்த மொழி அறியாதவர் நாம்தாம். நம் வசதியை முன்னிட்டு நீக்கப்பட்ட பகுதியில் என்ன இருந்தது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. மூன்று இடங்களை மட்டும் எடுத்துக்காட்டுகின்றேன்.

முதலாவது, இரண்டாம் அங்கத்தில் பமீனா பாடும் துயரப் பாடல். டமீனோ பேசாநோன்பு பூண்டிருக்கின்றான். அதைப் பமீனா அறியாள். குழலோசை கேட்டு ஓடிவருகின்றாள், அன்புடன் வினவுகின்றாள். அவன் பெருமூச்செறிந்து, போய்விடு என்று கையசைக்கின்றான். பாபகேனோவிடம் திரும்புகின்றாள், அவனோ வாய் நிறைய உணவை அடக்கிக்கொண்டு முனகுகின்றான். நகைப்புக்கும் அவலத்துக்கும் இடையே நின்று அவள் பாடத் தொடங்குகின்றாள். இவை யாவும் பேச்சிலும் பேச்சின்மையிலும் நிகழ்பவை. பேச்சே இல்லாத பதிவில் மௌனம் எங்கே கேட்கும்? பேசியவர் நிறுத்தும்போதுதான் மௌனம் செவிக்குப் புலனாகும். கிளெம்பரரின் பதிவில் யானோவிட்ஸ் பாடுவது பேரழகு; ஆனால் அவள் எதற்கு விடை பெறாமல் பாடுகின்றாள் என்பது அத்தட்டில் இல்லை.

இரண்டாவது, இரவின் அரசியின் சினப்பாடல். இசைநாடகம் கேளாதவர்கூட அறிந்த பாடல் அது. மகளின் கையில் குத்துவாளைத் தந்து சராஸ்ட்ரோவைக் கொல்லச் சொல்கின்றாள். இதற்கு முன்பு அவள் தன் வழக்கை உரைநடையில் எடுத்துரைக்கின்றாள். இறக்கும் தறுவாயில் அவள் கணவன் ஏனைய செல்வங்களை அவளுக்கும் மகளுக்கும் விட்டுவிட்டு, ஆற்றலின் மூலமான ஏழடுக்குச் சூரியச் சின்னத்தைச் சராஸ்ட்ரோவின் கூட்டத்தாருக்கு அளித்துவிட்டான். காரணம் கேட்டபோது, அது பெண்ணறிவுக்கு எட்டாதது என்றும், அறிவுடைய ஆடவரின் வழிகாட்டலுக்கு அடங்குவதே அவள் கடமை என்றும் கூறினான். கொலைக்கு மகளைத் தூண்டுவதை இது நியாயப்படுத்தாது. ஆனால் சினத்துக்கு ஒரு வரலாறு உண்டு என்று காட்டுகின்றது. அதை நீக்கிவிட்டால் எஞ்சுவது காரணமின்றிக் கூவும் ஒரு கொடியவள் மட்டுமே.

மறுபுறம், பெண்களின் சூழ்ச்சிக்கு அஞ்சுக என்று இரு குருமார் எச்சரிக்கும் பகுதி பாடலாக அமைந்துள்ளது. ஆதலின் அது எல்லாப் பதிவுகளிலும் பத்திரமாக இருக்கின்றது. பெண்ணைப் பழிக்கும் சொல் பாட்டாகப் பிழைத்தது. பெண் தன் குறையைச் சொன்ன சொல் பேச்சாகப் போனதால் மறைந்தது. யாரும் திட்டமிட்டுச் செய்ததன்று. திட்டமிடாத சுருக்கம்கூட ஒரு சார்பை உண்டாக்கிவிடும் என்பதே இங்கு நாம் காணும் பாடம். நெருப்பினூடே டமீனோவை வழிநடத்துபவள் பமீனாவே என்று மொசார்ட்டின் இசை பிற்பகுதியில் முழங்குவது உண்மை. ஆனால் தாயின் வழக்கைக் கேட்ட செவிக்கு மகளின் வெற்றி இன்னும் பெரிதாகத் தோன்றும்.

மூன்றாவது, மனிதர் என்னும் சொல். சராஸ்ட்ரோவின் ஏவலாளன் மோனோஸ்டாட்டோஸ் கறுப்பு நிறத்தவன். அவனும் பாபகேனோவும் ஒருவரைக் கண்டு ஒருவர் அஞ்சி ஓடுவது பாடலில் வருகின்றது. சற்றே தெளிந்த பாபகேனோ, உலகில் கறுப்புப் பறவைகள் இருக்கும்போது கறுப்பு மனிதர் ஏன் இருக்கலாகாது என்று தனக்குத் தானே பேசிக்கொள்கின்றான். ஓர் எளிய வேடனின் பகுத்தறிவு அது. இன்னோரிடத்தில், டமீனோ அரசகுமாரன் ஆயிற்றே, சோதனைகளைத் தாங்குவானா என்று ஐயுறும் குருவிடம், அவன் அதனினும் மேலானவன், அவன் மனிதன் என்னும் கருத்தில் சராஸ்ட்ரோ விடையளிக்கின்றான். இரண்டுமே பேச்சு. 1938இல் வெளிப்பட்ட தட்டுகளில் இவ்விரண்டும் இல்லை. இசைத்தட்டின் நான்கு நிமிட எல்லையே அதற்குக் காரணம் என்று அறிந்தும், பெர்லின் நகரை எண்ணும்போது மனம் கனக்கின்றது.

இனிப் புதிய பதிவுகளுக்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டின் இறுதியில், மொசார்ட் காலத்துக் கருவிகளையும் வாசிப்பு முறையையும் மீட்க முயன்றவர்கள் இந்நாடகத்தையும் மறுபடி அணுகினர். ரோஜர் நாரிங்டன், வில்லியம் கிறிஸ்டி, ஜான் எலியட் கார்டினர் ஆகியோரின் பதிவுகள் 1990களில் வெளிவந்தன. சிறிய இசைக்குழு, மரப் புல்லாங்குழல், தோல் போர்த்திய முரசு, விரைந்த நடை ஆகியவை இவற்றின் இயல்புகள். பமீனாவின் துயரப் பாடலுக்கு மொசார்ட் எழுதிய நடைக்குறிப்பு ‘அந்தாந்தே’ என்பது; நடந்து செல்லும் இயக்கத்தைக் குறிக்கும் சொல். பழைய பதிவுகள் பல அதை மிக மெதுவாக்கி இரங்கற்பாவாக்கின. விரைந்து பாடும்போது அது மூச்சுத் தடுமாறும் ஒரு பெண்ணின் பேச்சுக்கு அருகே வருகின்றது.

இவ்வழியில் வெகுதொலைவு சென்றவர் பெல்ஜியம் நாட்டவரான ரெனே யாகோப்ஸ். 2009இல் பெர்லினில் பதிவு செய்யப்பட்டு 2010இல் வெளிவந்த அவருடைய பதிவில் உரையாடல் ஏறக்குறைய முழுமையாக ஒலிக்கின்றது. பேச்சின் அடியில் பழங்காலப் பியானோ மெல்ல இழைகின்றது, இடி முழங்குகின்றது, பறவைகள் கூவுகின்றன. மார்லிஸ் பீட்டர்சனின் பமீனா பாடுபவள் மட்டுமல்லள், கேட்பவள், காத்திருப்பவள். அவள் வினாவுக்குப் பின் விழும் மௌனம் நம் அறையிலும் விழுகின்றது.

குறைகளும் உண்டு. ஓசை விளைவுகள் சில இடங்களில் மிகுந்து வானொலி நாடகத்தை நினைவூட்டுகின்றன. பாடலின் நடுவே நடையை முடுக்கியும் தளர்த்தியும் செல்லும் விருப்பம் சிலபோது இசையின் நேர்கோட்டைக் குலைக்கின்றது. டேனியல் பேலே பண்பட்ட டமீனோ. ஆயினும் வுண்டர்லிஹின் குரலில் இருந்த பொன்னொளி வேறெங்கும் இல்லை. ஃப்ரிக்கின் ஆழ்ந்த குரலில் சராஸ்ட்ரோவைக் கேட்டவர்க்குப் பிற குரல்கள் மெலிந்தே தோன்றும்.

அவ்வாறாயின் எது சிறந்தது? குரலின் உச்சத்தை அறியப் பழைய பதிவுகளை நாடுக. நாடகத்தின் உயிரை அறியப் புதியனவற்றை நாடுக என்பேன். வரிசை மட்டும் முக்கியம். முதன்முதலாகக் கேட்பவர், பேச்சோடு கூடிய பதிவிலிருந்து தொடங்க வேண்டும். பின்னர்ப் பீச்சத்தையும் கிளெம்பரரையும் கேட்கும்போது, நாடகத்தின் மொழிபெயர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு, பாடலுக்கும் பாடலுக்கும் இடையே தட்டு விடும் இடைவெளியில் விடுபட்ட உரையாடலைப் படித்தல் நன்று. கருவி தராததைக் கண் தரும்.

மாணவர்க்குத் தொகைநூல்களைக் கற்பிக்கும் நம்மைப் போன்றோர் சுருக்கியே தீரவேண்டியுள்ளது. எல்லாவற்றையும் கற்பிக்க எந்த வகுப்புக்கும் காலம் போதாது. அழகானதைத் தெரிந்தெடுப்பதில் தவறில்லை. விட்டதில் யாருடைய குரல் இருந்தது என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தல் வேண்டும். மொசார்ட்டின் பாடல்கள் எவ்வகைத் தட்டிலும் வாழும். அரசியின் வழக்குக்கும் வேடனின் பகுத்தறிவுக்கும் அவ்வுறுதி இல்லை. நாம் கேட்டால்தான் அவை உண்டு.