தேனீயின் கண்ணும் என் கண்ணும்



சென்ற கோடையில் எனக்கு ஒரு கண்ணில் சத்திர சிகிச்சை நடந்தது. கண்ணை மூடிக் கட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுநாள் காலை கோப்பையில் தேநீர் ஊற்றினேன். பாதி மேசையில் ஊற்றுண்டது. படி இறங்கவும் பயம். எது கிட்ட, எது தூர என்று பிடிபடவில்லை.

வேறு வேலையில்லாமல் பின்வளவில் இருந்து பொட்டில்பிரஷ் மரத்துத் தேனீக்களைப் பார்த்தேன். எவ்வளவு வேகமாக வந்தாலும் பூவில் மெதுவாக இறங்குகின்றன. தேனீயின் கண் ஒவ்வொன்றிலும் சுமார் 5000 சிறு வில்லைகள் உண்டு. ஆனால் இரண்டு கண்களும் மிக நெருக்கமானவை, அசையாதவை. நாம் இரு கண்ணால் தூரம் அறிவதுபோல் அது அறிய முடியாது. பிறகு எப்படி?

இதற்கு விடை தேடியவர் பேராசிரியர் மண்டயம் சிறீனிவாசன். பெங்களூரில் மின்பொறியியல் படித்து, கன்பராவில் உள்ள அவுஸ்திரேலிய தேசிய பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் ஆராய்ந்தவர். 2006இல் அவுஸ்திரேலியப் பிரதமரின் விஞ்ஞானப் பரிசு பெற்றவர்.

ரயிலில் போகும்போது கவனித்திருப்பீர்கள். பக்கத்து வேலி விரைந்து ஓடும். தூரத்து மலை மெல்ல நகரும். தேனீ நம்பியிருப்பது இந்த ஓட்டத்தைத்தான். சிறீனிவாசன் குழுவினர் இரு சுவரிலும் கோடுகள் போட்ட ஓர் ஒடுங்கிய பாதையில் தேனீக்களைப் பறக்கவிட்டார்கள். அவை நடுவாகப் பறந்தன. ஒரு பக்கச் சுவரைத் தேனீ போகும் திசையிலேயே நகர்த்தினார்கள். அந்தப் பக்கக் காட்சி மெதுவாக ஓடியது. சுவர் தூரத்தில் இருக்கிறதென்று எண்ணி, தேனீ அதன் பக்கமாகச் சாய்ந்து பறந்தது!

இறங்கும்போதும் இதே உபாயம்தான். நிலம் கண்ணில் ஓடும் வேகத்தை ஒரே அளவில் வைத்துக்கொள்ளும். தாழத் தாழ நிலம் வேகமாக ஓடத் தோன்றுமல்லவா? எனவே தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வரும். தரையைத் தொடும்போது வேகம் ஏறக்குறைய இல்லை.

2000ஆம் ஆண்டு வெளியான இன்னொரு ஆய்வு அதைவிட வேடிக்கையானது. கோலங்கள் நிறைந்த ஒடுங்கிய பாதையில் சுமார் 6 மீற்றர் மட்டுமே பறந்த தேனீ, கூட்டுக்குத் திரும்பி, ஏறக்குறைய 200 மீற்றர் பறந்ததுபோல் நடனமாடிச் செய்தி சொன்னது. கண்ணில் ஓடிய காட்சியே அதற்குத் தூரக் கணக்கு. இந்த அறிவு இன்று ஆளில்லா விமானங்களை வழிநடத்தவும் உதவுகிறது.

இதை அறிந்தபின் நானும் தலையை மெல்ல இடமும் வலமும் அசைத்துப் பார்த்தேன். கிட்ட இருந்த கோப்பை கூட நகர்ந்தது. தூர இருந்த கேத்தல் குறைய நகர்ந்தது. தேநீர் சிந்தவில்லை. "அம்மப்பா, ஏன் தலையை ஆட்டுறீங்கள்?" என்று பேத்தி சிரித்தாள். "தேனீயிடம் படிக்கிறேன் பிள்ளை" என்றேன்.

நேயர்களே, 2022 ஜூன் மாதம் நியூகாசில் துறைமுகத்தில் வரோவா என்னும் ஒட்டுண்ணி கண்டுபிடிக்கப்பட்டது. அதை முற்றாக ஒழிக்கும் முயற்சி 2023இல் கைவிடப்பட்டது. எங்கள் தேனீக்களுக்கு ஏற்கனவே சோதனைக் காலம். ஆகவே பூத்திருக்கும் செடிகளுக்குப் பூச்சிமருந்து அடிக்காதீர்கள். கட்டையை வெட்டக் கோடரி எடுக்கும் முன்பும், அதில் பூ இருக்கிறதா என்று பாருங்கள். நான் பயந்து வெட்ட நினைத்த மரத்தடியில்தான் எனக்கு இந்தப் பாடம் கிடைத்தது.