விலைச்சீட்டும் விலையும்



அரைக் கிலோ துவரம்பருப்பு வாங்கிய கதையைச் சொல்ல ஒருவர் வானொலி நிலையம் வரையில் வரவேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது நியாயமே. கதையைக் கேட்டபின் தீர்ப்புக் கூறுங்கள்.

என் சிறு பிராயத்தில் எங்கள் தெருவில் அண்ணாச்சி கடை ஒன்றிருந்தது. அவருடைய நிறுவையில் சில வேளை குறைவு நேர்வதுண்டு, அதை மறைப்பானேன்? அப்போது என் தகப்பனார் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு போய்த் தராசின் முன் நிற்பார். வாக்குவாதம் நடக்கும். முடிவில் ஒரு கைப் பருப்பு கூடுதலாக வரும். சண்டையிடுவதற்கு எதிரே ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார் என்பதுதான் அந்தக் கடையின் பெருமை.

நாமே எடுத்துக்கொள்ளும் கடை 1916ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் பிறந்தது. கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் ‘பிக்லி விக்லி’ என்ற விநோதமான பெயரில் அதைத் திறந்தார். அதுவரை சிப்பந்தி எடுத்துக் கொடுத்ததை இனி வாங்குபவரே எடுத்தார். சிப்பந்தியின் வேலை நம் தலையில் ஏறிற்று, சம்பளம் மட்டும் ஏறவில்லை! 1937இல் ஓக்லஹோமா நகரத்துக் கடைக்காரர் சில்வன் கோல்ட்மன் தள்ளுவண்டியைப் புகுத்தினார். கூடை கனத்தால் கை வலிக்கும், வலித்தால் வாங்குவது நின்றுவிடும் என்பதைக் கண்டுகொண்ட மனிதர் அவர்.

கிளைகள் பல உள்ள கடையென்றாலே தீது என்று நான் சொல்லவில்லை. 1904இல் சென்னையில் தோன்றிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கமும் பல கிளைகளோடு வளர்ந்ததுதான். ஆனால் அங்கே வாங்கும் உறுப்பினரே பங்குதாரருமாவார்.

சென்ற மாதம் நான் போனது வேறு வகைக் கடை. குளிர்ந்த காற்று, மெல்லிய சங்கீதம், ஆளுயர அலமாரிகள். பருப்பின் கீழே 84 ரூபாய் என்று விலைச்சீட்டு ஒட்டியிருந்தது. எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு மூதாட்டி. அதே பருப்பு, கொஞ்சம் எண்ணெய், ஒரு பொட்டலம் வெல்லம். சுருக்குப்பையிலிருந்து எண்ணி வைத்த பணம் 14 ரூபாய் குறைந்தது.

“சீட்டிலே 84 என்று பார்த்துத்தானே அம்மா எடுத்தேன்?” என்றார்.

“அந்தச் சலுகை நேற்றோடு முடிந்துவிட்டது, பாட்டி. கணினி 98 என்றுதான் காட்டுகிறது. நான் மாற்ற முடியாது” என்றாள் ரசீது போடும் பெண். அவள் மீதும் குற்றமில்லை.

பின்னால் நின்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: நானும் கொட்டினேன். மூதாட்டி வெல்லத்தை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுப் போனார். அடுத்தது என் முறை. எனக்கும் 98 ரூபாய். என் முதுகின்பின் அதே உச்சுக்கொட்டல் கேட்குமே என்ற அச்சத்தில் வாய் திறவாமல் கொடுத்தேன். கைப்பேசி எண் கேட்டாள்; அதையும் கொடுத்தேன். எண் தந்தே ஆகவேண்டுமென்று கடைகள் வற்புறுத்தலாகாது என மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023இல் அறிவுறுத்தியது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

வீட்டுக்கு வந்து சட்டத்தைப் புரட்டினேன். பொட்டலத்தில் அச்சிட்ட உச்ச விலைக்குள் வாங்கினால் போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். அது போதாது. வியாபாரி தாமே காட்சிக்கு வைத்த விலைப்பட்டியலுக்கு மேல் வாங்கினாலும் முறையிடலாம் என்கிறது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையமும் இருக்கிறது.

மறுநாள் ரசீதோடு போனேன். மேலாளர் இளைஞர், மரியாதை தெரிந்தவர். விலைகள் தலைமை அலுவலகத்திலிருந்து வருகின்றன என்றார். பேச்சை வளர்த்தாமல் 14 ரூபாயைத் திருப்பித் தந்தார்.

“நேற்று ஒரு பாட்டியம்மாளுக்கும் இப்படியே நடந்தது” என்றேன்.

“அவர்களுடைய ரசீது இருக்கிறதா, சார்?”

என்னிடம் இல்லை. அவர் பெயரும் எனக்குத் தெரியாது. திரும்பும்போது பருப்பு அலமாரியைப் பார்த்தேன். சீட்டை மாற்றியிருந்தார்கள்: 98 ரூபாய்.