ஊருக்கு அனுப்பும் பலகாரம்



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே மரபு. நாம் இன்று முறுக்கையும் மாலாடுவையும் பற்றிப் பேச வந்துள்ளோம், பொறுத்தருள வேண்டுகிறோம்.

தில்லியில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு ஊரிலிருந்து வந்த செல்வங்கள் இரண்டு. ஒன்று கடிதம், மற்றொன்று பலகாரத் தகர டப்பா. கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் இரண்டு இரவுகள் கழித்து அது வந்து சேரும். 1976-இல் தமிழ்நாடு எக்ஸ்பிரஸும், 1986-இல் விரைவஞ்சலும் வந்தன. வழி சுருங்கிற்று, டப்பா வருவதோ அரிதாயிற்று. அனுப்பிய கைகள் முதுமை எய்திவிட்டன என்பதன்றி வேறு காரணம் உண்டோ?

ஆதலின், இனி டப்பா இங்கிருந்து அங்கே செல்லட்டும் என்பதே நம் வேண்டுகோள்.

நெடுவழிக்கு உரியதை நம் முன்னோர் அறிந்தே தேர்ந்தனர். ஈரம் மிக்க பண்டம் விரைவில் கெடும். எனவேதான் நீர் வற்ற வேகும் முறுக்கும் தட்டையும், பாகு ஈரத்தைப் பிடித்து நிறுத்தும் அதிரசமும் பயணத்துக்கு உகந்தவையாயின. ஈரத் தேங்காய்த் துருவல் சேர்ந்தவை ஆகா. சூடு ஆறுமுன் மூடினால் ஆவி நீராகிப் பண்டம் நமுத்துப் போகும். பலமுறை காய்ந்த எண்ணெயில் பொரித்தால் சிக்கு வாடை வீசும். டப்பாவில் இடைவெளி விட்டால் பண்டம் குலுங்கி உடையும்.

உண்பவர் யாரென்றும் எண்ண வேண்டும். பல் தளர்ந்தவருக்குப் பொருள்விளங்கா உருண்டையை அனுப்புவது அன்பாகாது. மாலாடு அனுப்பலாம். பொட்டுக்கடலை மாவு ஒரு பங்கு, பொடித்த சர்க்கரை முக்கால் பங்கு, பிடிக்கும் அளவுக்கு உருக்கிய நெய்; நீர் ஒரு துளியும் வேண்டா. வாயில் இட்டதும் கரையும். நீரிழிவு உடையவருக்கு ஓமப்பொடி அளவாக அனுப்பலாம். வழியில் நொறுங்கினாலும் அவருக்கு அது எளிமையே.

“கைப்பேசியில் சொன்னால் கடைப் பலகாரம் ஒரு மணி நேரத்தில் அவர் வாசலில் நிற்குமே” எனச் சிலர் வினவலாம். நிற்கும். ஆனால், தம் பல்லையும் நோயையும் ஒருவர் நினைத்துச் செய்தார் என்னும் செய்தி அதனுள் இராது. தனித்து வாழும் முதியவர் பசித்திருப்பது பலகாரத்துக்கன்று, அச்செய்திக்கே.

பிள்ளைகளையும் அடுப்பங்கரைக்கு அழைப்போம். அச்சைப் பிழியட்டும், உருண்டை பிடிக்கட்டும். முகவரியை அவர்களே எழுதட்டும். 1972 முதல் வழங்கும் ஆறு இலக்க அஞ்சல் எண் தெளிவாக இருந்தால், அதனருகே ஊரின் பெயரைத் தமிழிலும் எழுதத் தடையில்லை. தாத்தாவின் ஊர்ப் பெயரைத் தமிழில் எழுதவே அறியாத பிள்ளைகள் நம் காலனிகளில் உண்டு. டப்பாவின் மேல் எழுதும் அவ்வொரு சொல் அவர்களுக்கு முதற்பாடமாகும்.

தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு ஒன்றில் சங்க வளாகத்திலேயே அடுப்பு மூட்டுவோம். பாகின் பதம் அறிந்த மூத்த தாய்மார்கள் நம்மிடையே இருக்கும்போதே அதைக் கற்றுக்கொள்வோம். அவர்கள் கையளவு எந்தப் புத்தகத்திலும் இல்லை. வீட்டுக்கு ஒரு டப்பா ஊருக்குப் புறப்படட்டும்.